கட்டத்தை நிரப்பியவள்

அம்மாவின் போனில் கண்ணாடி உடைந்திருந்தது. மேல் மூலையில் கிளம்பிய விரிசல் திரையின் குறுக்கே சாய்வாக இறங்கி, கீழே தட்டச்சு எழுத்துகள் எழும்பும் இடத்தில் வந்து நின்றது. என் முதல் வளைகோட்டை அந்த விரிசலோடு சேர்த்துத்தான் பார்த்தேன்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிற்பகல். பெரிய காஞ்சிபுரத்தில், கோயில் மதிலுக்குப் பின்னால் போகும் தெருவில் அம்மா வேலை செய்த கூடம். பட்டுத் தறிக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுக்கும் இடம். சாப்பாட்டு நேரம் முடிந்து இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அம்மா மிதிக்கிறபோதெல்லாம் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏற, காலி அட்டைக் கட்டுகளின் மேல் நானும் யாஸ்மினும் உட்கார்ந்திருந்தோம்.

யாஸ்மின் என் பெஞ்சுக்காரி. அவள் அப்பாவுக்குச் சரிகைக் கடை. அவளுடைய அண்ணன் ஒரு இணையதளத்தைக் காட்டிக் கொடுத்திருந்தான். சமன்பாட்டைத் தட்டினால் கிராஃபை அதுவே வரைந்து காட்டுமாம். பெயர் கேட்காது, பள்ளிக்கூடம் கேட்காது, நாம் யார் என்றே கேட்காது.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நான்கு. எக்ஸைத் தட்டி, அதன் பக்கத்தில் இரண்டைத் தட்டி, நான்கைக் கழித்தேன். திரையில் ஒரு நேர்கோடு சாய்ந்து விழுந்தது.

"இன்னாடி இது, ஏணி சாத்தி வச்சா மாதிரி இருக்குது?" என்றாள் யாஸ்மின். "அந்த ரெண்டைத் தூக்கி எக்ஸோட தோள்மேல ஒக்கார வையிடி. பக்கத்துல நிக்க வச்சா வெறும் பெருக்கல்தான்."

தூக்கி உட்கார வைத்தேன். சாய்ந்து கிடந்த கோடு அந்த நொடியே வளைந்தது. இடது மேலிருந்து இறங்கி, அடியில் உருண்டு திரும்பி, வலது மேலே ஏறிப் போனது.

இதே சமன்பாட்டுக்கு நான் தேர்வில் போட்ட படத்தின் அடி தட்டையாக இருந்தது.

முப்பத்தொன்று

சென்ற வாரம் இந்தப் பகுதியில் அப்பாவின் ஷேர் ஆட்டோவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போன பெண் கணக்கை எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று. நான் பிடித்துக்கொண்டதை விடுங்கள். கணக்கு என்னைக் கைகழுவப் பார்த்த கதைதான் இது.

முதல் ரிவிஷன் தேர்வில் எனக்கு முப்பத்தொன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். கிராஃப் கேள்விக்கு எட்டு மதிப்பெண். அதில் எனக்கு விழுந்தது இரண்டு. அதுவும் அட்டவணைக்கு.

மாலதி மிஸ் என் தாளை வகுப்புக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். அவர் மதுரைப் பக்கத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஐம்பது தாள் திருத்திய களைப்பு.

"செல்வி, கிராஃப் போடச் சொன்னா அண்டா போட்டு வச்சிருக்க."

"அண்டா இல்ல மிஸ், டேக்சா," என்றது என் பக்கத்துக் குரல். "பிரியாணி வைக்கலாம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அழ வேண்டியிருக்கும். அந்தக் குரல் யாஸ்மினுடையது. அன்று மாலையே அவள் முகம் வாடிப் போய் என் பின்னாலேயே வந்தாள். சனிக்கிழமை அந்தத் தளத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் அதனால்தான். இன்றுவரை அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் வேறு ஒன்று காத்திருந்தது. கூடத்து முதலாளி இரண்டாவது இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். சாக்குத் துணி போட்டு மூடி, அம்மாவின் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதற்கு ஆள் வேண்டும். டிசைன் கிராஃப் படிக்கத் தெரிந்த ஆள் லேசில் கிடைக்காது. உன் பெண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே, மாசக் கடைசிக்குள்ளே சொல்லு என்று அம்மாவிடம் கேட்டிருந்தார்.

அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் கஷ்டம்.

"ரெண்டாவது ரிவிஷன் வருதில்ல, அதுல பாக்கலாம்மா. அதுலயும் தேறலன்னா, பரிட்சைய எழுதிட்டு அம்மாகூடவே போயிடு. நெழல்ல ஒக்காந்து செய்யற வேலை. நாங்கல்லாம் வெயில்ல நின்னோம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருடைய கணக்கில் நிழல் என்பதே ஒரு பெரிய படிப்பு. எனக்குத்தான் பதினோராம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்ற ஆசை. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அடி, விடு

அட்டை அடிப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

புடவையில் வரும் மயில், யாளி, மாங்காய் எல்லாம் முதலில் காகிதத்தில் கட்டம் கட்டமாக நிரப்பப்படும். அந்தக் காகிதத்துக்கும் எங்கள் ஊரில் கிராஃப் என்றுதான் பெயர். ஒரு கட்டம் ஒரு நூல். நிரப்பிய கட்டம் என்றால் அட்டையில் ஓட்டை. வெறும் கட்டம் என்றால் ஓட்டை இல்லை. காகிதத்தில் ஒரு வரிக்கு ஒரு அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேலே தொங்கவிட்டால், எந்த நூல் எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள் சொல்லிவிடும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். எண் தெரியும். காகிதத்தின் மேல் ஸ்கேலை வைத்து, ஒரு வரியைக் கண்ணால் ஓட்டி, விரலால் இயந்திரத்தின் கட்டைகளை அழுத்தி, காலால் மிதிப்பாள். ஒரு கட்டம் தப்பினால் அந்த டிசைன் போகும் ஒவ்வொரு புடவையிலும் மயிலுக்கு அலகு உடையும். அம்மா அடித்த மயில் எதற்கும் அலகு உடைந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கிராஃபை வாசித்துக் கொடுத்தேன். "மூணு அடி, ரெண்டு விடு, ஒண்ணு அடி, ஏழு விடு." பாடம் போனில் நடந்தது. வீட்டில் அப்போது இருந்த ஒரே போனோ சவாரி கூப்பிடுவதற்காக அப்பாவோடு ஊர் சுற்றியது. புள்ளிகளைக் கிராஃபில் குறிக்கும் பாடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, டீச்சர் கரும்பலகையில் கட்டம் போட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இது நமக்குத் தெரிந்ததாயிற்றே.

பூஜ்ஜியத்துக்கு நூல் இல்லை

அங்கேதான் தப்பு நடந்தது.

இரண்டு என்றால் நான் இரண்டாவது கட்டத்துக்குப் போவேன். அதன் நடுவில் பொட்டு வைப்பேன். கீழே மூன்று என்றால் கீழே மூன்றாவது கட்டம். தறியில் முதல் நூல் உண்டு, இரண்டாம் நூல் உண்டு. பூஜ்ஜியமாவது நூல் என்று ஒன்று கிடையாது. ஆகவே பூஜ்ஜியம் வந்த புள்ளிகளை நான் விட்டுவிட்டேன். அவற்றுக்கு இடமே இல்லை, சும்மா அட்டவணைக்காக எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

மைனஸ் மூன்றிலிருந்து மூன்று வரை ஏழு புள்ளிகள். அவற்றில் மூன்றில் பூஜ்ஜியம். மிச்சம் நான்கு. அந்த நான்கையும் சேர்த்தால், இரண்டு பக்கமும் சாய்ந்து அடி தட்டையாக, அச்சு அசல் டேக்சா.

அட்டவணை சரியாக இருந்ததால் எனக்குப் பிழை எங்கே என்று பிடிபடவில்லை. மிஸ் சிவப்பு மையில் 'தவறு' என்று எழுதும்போதெல்லாம் பெருக்கலையும் கழித்தலையும் மறுபடி போட்டுப் பார்ப்பேன். அவை எப்போதும் சரியாகவே வரும். பெருக்கல் சரி, படம் தவறு என்றால் எனக்குக் கணக்கே வராது போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

விரிசலுக்குக் கீழே

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வளைகோட்டின் அடியை விரலால் தொட்டேன். ஒரு சின்னப் பொட்டு எழும்பி, பக்கத்தில் எண்களைக் காட்டியது: பூஜ்ஜியம், மைனஸ் நான்கு. நான் விட்டுவிட்ட புள்ளி. அது கட்டத்துக்குள் இல்லை. கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் மூலையில், சட்டமாக உட்கார்ந்திருந்தது. வளைகோடு குறுக்குக் கோட்டை வெட்டும் இடத்தைத் தொட்டேன். இரண்டு, பூஜ்ஜியம். அதுவும் கோட்டின் மேல்.

இயந்திரம் நின்றது. அம்மா நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"யாரு போட்ட கிராஃபு இது?"

போனே போட்டது என்றேன். அம்மா விரிசலை விலக்குவது போலத் திரையைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள்.

"ஒரு கட்டம்கூட ரொப்பல. கோட்டு மேல பொட்டு வச்சிருக்குது. இதுல எந்த நூலுன்னு நான் அடிக்கறது?"

"கோட்டு மேலதான் வைக்கணும் போலமா."

"கோடு நூல் இல்லமா. ரெண்டு நூலுக்கு நடுவுல இருக்கற சந்து. சந்துல போய் யாராவது பூ போடுவாங்களா?"

அம்மா என்னைத் திருத்த வரவில்லை. அந்தத் தளத்தைத்தான் திருத்தப் பார்த்தாள். ஆனால் அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவின் கிராஃபில் எண் என்பது கட்டத்தின் பெயர். மிஸ்ஸின் கிராஃபில் எண் என்பது கோட்டின் பெயர். கட்டங்கள் ஒன்றிலிருந்து தொடங்கும். கோடுகளுக்கு நடுவில் பூஜ்ஜியம் என்று ஒரு கோடு உண்டு. நான் அம்மாவின் கிராஃபை மிஸ்ஸிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

யாஸ்மின் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் புதிய கோடுகள் முளைத்தன. மறுபடி பெரிதாக்கினாள். அவற்றுக்கு நடுவிலும் முளைத்தன. இன்னும், இன்னும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி வாட்டி பெருசாக்கினாலும் அந்தக் கோடு மெலிசாவே இருக்குதே," என்றாள் கடைசியில். "இத அடிக்கணும்னா ஊர்ல இருக்கற அட்ட பத்தாது." சொல்லிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பூஜ்ஜியத்துக்கு இடமே இல்லை என்று நினைத்திருந்தேனே என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது. கணக்கு எனக்கு வரும். பொட்டு வைக்கும் இடம் மட்டும்தான் அரைக் கட்டம் தள்ளியிருந்தது.

அந்தத் தளத்தை உண்டாக்கியவர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்த ஊரோ, எந்த மொழியோ. நான் அன்றும் மறுநாளும் கையால் ஒரு படம் போடுவேன், பிறகு அதில் தட்டிப் பார்ப்பேன். தப்பாக இருந்தால் அது சிரிக்காது. தாளைத் தூக்கிக் காட்டாது. சரியான கோட்டை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அப்படிப்பட்ட பொறுமையை நான் அதுவரை அம்மாவிடம் மட்டுமே பார்த்திருந்தேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

இப்போது நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். ஆய்வகத்தில் பெரிய திரை, விரிசல் இல்லாதது. அதே தளம்தான். போன வாரம் மூன்று வளைகோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் கணக்கு ஒன்று வந்தது. நான் என் நோட்டில் அந்தப் புள்ளிக்குத் 'திருமுக்கூடல்' என்று பெயர் வைத்தேன். சின்ன வயதில் அப்பா ஆட்டோவில் கூட்டிப்போய், மூன்று ஆறும் சேரும் இடம் என்று காட்டினார். தண்ணீரே இல்லை, மணல்தான். எங்கே சேருது என்று கேட்டதற்கு, வெள்ளம் வரும்போது பார்த்தால் தெரியும் என்றார். பேராசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன தேற்றம் என்று கேட்டார். எங்கள் ஊர்த் தேற்றம் என்றேன்.

யார் யார் வீட்டில்?

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வீட்டுப்பாட நோட்டைக் கொடுத்தேன். மாலதி மிஸ் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"போனைப் பாத்து வரைஞ்சியா?"

"போனைப் பாத்துத்தான் கத்துக்கினேன் மிஸ்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வந்ததும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலக் கேட்டது. மிஸ் சாக்பீஸை நீட்டினார். அவர் கொடுத்தது புதிய சமன்பாடு: எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் இரண்டு எக்ஸ் மைனஸ் மூன்று. சாக்பீஸை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். இங்கே தப்பினால் இரண்டாவது ரிவிஷன் வரை போக வேண்டியதே இல்லை என்று தோன்றியது. சாக்குத் துணி போர்த்திய இயந்திரம் கண்ணுக்குள் நின்றது.

அட்டவணை போட்டேன். முதல் புள்ளியை மூலையில் வைத்தேன். இரண்டாவது புள்ளிக்குக் கை தானாகவே கட்டத்துக்குள் போய்விட்டது. அழித்தேன். மூலைக்கு நகர்த்தினேன். ஏழு புள்ளி. சேர்த்தேன். அடி உருண்டு வந்தது. மைனஸ் ஒன்றிலும் மூன்றிலும் கோட்டை வெட்டியது.

பின்னால் யாஸ்மின் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

மிஸ் உடனே பாராட்டவில்லை. நடுவில் ஒரு புள்ளியை அழித்தாயே, ஏன் என்று கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை அடிக்கும் கூடம், அடி, விடு, ஒன்றிலிருந்து தொடங்கும் கட்டம், பூஜ்ஜியத்துக்கு நூல் இல்லாதது. சொல்லச் சொல்ல வெட்கம் போய்விட்டது. அம்மாவின் வேலையைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

மிஸ் சாக்பீஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"யார் யார் வீட்டுல இந்தக் கிராஃப் வேலை இருக்கு? கையைத் தூக்குங்க."

ஏழெட்டுக் கைகள் மெதுவாக எழுந்தன. அவர்களுடைய தேர்வுத் தாள்களை வாங்கிப் பார்த்தார். என்னைப் போலவே இன்னும் நான்கு டேக்சாக்கள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் மிஸ். "உங்க கை கணக்கு சரியாப் போட்டிருக்கு, நான் தவறு தவறுன்னு எழுதிக்கிட்டே இருந்திருக்கேன்." கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்து, அதன் நடுவில் ஒரு பொட்டும் மூலையில் ஒரு பொட்டும் வைத்தார். நடுவில் இருப்பது புடவைக்கு, மூலையில் இருப்பது கணக்குக்கு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்டான்னு சொன்னதை மனசுல வச்சுக்காத," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அதன் பிறகு அவர் எந்தத் தாளிலும் 'தவறு' என்று மட்டும் எழுதியதில்லை. எங்கே என்று ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் எழுதினார்.

ஒரு வரி, ஒரு நூல்

இரண்டாவது ரிவிஷனில் ஐம்பத்து நான்கு வந்தது. பெரிய மதிப்பெண் இல்லை, தெரியும். ஓடிப்போய்க் கூடத்து வாசலில் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா மொத்தத்தைக் கேட்கவில்லை.

"கிராஃபுக்கு எவ்ளோ?"

"எட்டுக்கு எட்டும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தாள். வரி நடுவில் அவள் ஒருபோதும் எழுந்ததில்லை. முடித்துவிட்டு நேரே முதலாளி உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"அந்த மெஷினுக்கு வேற ஆள் பாத்துக்கோங்கண்ணா. எங்க பொண்ணு மேல படிக்கப் போவுது. கணக்குதான் எடுக்கப் போவுது."

கணக்கு எடுக்க வேண்டும் என்ற ஆசையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

முதலாளி ஏதோ முணுமுணுத்தார். நல்லது என்றும் சொன்னார். அம்மா திரும்பி வந்து, தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். டிசைன் போடும் காகிதத்தில் மிஞ்சிய துண்டு. சிவப்புப் பென்சிலால் கட்டங்கள் நிரப்பப்பட்டிருந்தன. மயில் இல்லை, மாங்காய் இல்லை. இடது மேலிருந்து இறங்கி, அடியில் ஒற்றைக் கட்டமாகத் திரும்பி, வலது மேலே ஏறியது.

அந்தச் சனிக்கிழமை நான் மூடாமல் விட்ட திரையைப் பார்த்துக் கோடுகளை எண்ணியிருக்கிறாள். காகிதத்தின் நடுவில் படுக்கையாக ஒரு வரிக்கும், நெட்டாக ஒரு நூலுக்கும் லேசாகப் பென்சில் தீற்றியிருந்தது.

"இது இன்னாமா, நடுவுல?"

"ஒன் பூஜ்ஜியத்துக்கு எடமே இல்லன்னு அழுதியே. அதுக்குன்னே ஒரு வரியும் ஒரு நூலும் ஒதுக்கியிருக்கறேன். பத்துமா பாரு."

அம்மாவின் ஸ்கேலை வாங்கி, அவள் வைப்பது போலவே வைத்து, கீழிருந்து வரிவரியாக எண்ணினேன். நான் விட்டிருந்த மூன்றும் சேர்த்து ஏழு கட்டங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.